ஐந்தாவது குரல்

ஆகஸ்ட் 21

என் தம்பியின் மதிப்பிற்குரிய துணைவியார் அவர்களுக்கு,

வணக்கத்துடன் வரைவது. தங்கள் கடிதம் இம்மாதம் இரண்டாம் தேதியே என் கைக்கு வந்தது. பத்தொன்பது நாள் கழித்து விடை எழுதுவது முறையன்று, பொறுத்தருள வேண்டும். நான் மாற்றலாகி வந்துள்ள இச்சலவைக்கூடக் கிளையில் கொதிகலன் பழுதுபட்டு, மருத்துவமனை விரிப்புகள் கூரை முட்டக் குவிந்துவிட்டன. துணிகளில் குறியிடும் பிரிவின் தலைமை என் பொறுப்பு. தாமதத்தின் காரணங்களில் அது ஒன்று. ஏனையவற்றை எழுத எனக்கு இன்னும் சொல் கூடவில்லை.

தொலைபேசியில் பேசலாமே என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடப் படி ஏறாதவள் நான். சலவைக்கு வரும் மூட்டைகளைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாள்களைப் படித்தே எழுத்துக் கற்றேன். பேச்சில் என் குரல் நிற்பதில்லை, தாளில் நிற்கிறது. ஆகவே தாளிலேயே பேசுவோம்.

சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டு வந்தது ஏன் என்பது தங்கள் முதற்கேள்வி. ஏப்ரல் மூன்றாம் ஞாயிற்றுக்குப் பிறகு, ஒரே மாடிப்படியில் நாம் எதிரெதிராக ஏறி இறங்குவது இருவருக்கும் இயலாததாயிற்று. என்னைக் கண்டதும் தாங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிடுவீர்கள். ஒருநாள் தாங்கள் கடந்து போகும்வரை நான் மூன்றாம் படியில் குனிந்து, ஒன்றுமில்லாத இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளே முதலாளியிடம் மாற்றல் கேட்டேன்.

என் இரும்புப் பெட்டியையும் குழந்தைகளின் தொப்பிகளையும் என்ன செய்வது என்பது இரண்டாம் கேள்வி. பெட்டி அங்கேயே இருக்கட்டும். தொப்பிகளைத் தயைகூர்ந்து எறிந்துவிட வேண்டாம்.

கடைசி வரியில் தாங்கள் கேள்விக்குறி இடவில்லை. "உங்களை நம்பித்தானே அனுப்பினேன்" என்று முடித்திருந்தீர்கள். ஆயினும் அது கேள்வியே. விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

வாரத்தில் ஆறு நாள் மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் கால் வீங்க நிற்பவர் தாங்கள். ஞாயிறு ஒரு நாளாவது கண்ணயரட்டும் என்று அந்த ஏற்பாட்டைத் தொடங்கியவள் நான். முதலாளியின் சலவை வண்டியைத் தம்பி ஓட்ட, நான்கு ஆண்டுகளாக ஏரிக்கும் பூங்காவுக்கும் விலங்குக் காட்சிச்சாலைக்கும் சென்று வந்தோம். தங்கள் மூவர்: பதினொரு வயதுப் பெரியவள், எடுத்ததற்கெல்லாம் வாதாடும் வக்கீல், கீழே கிடப்பதையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கும் எறும்பு. இவர்களோடு பக்கத்து வீட்டு இரட்டையர். வண்டியின் பின்கட்டில் சன்னல் கிடையாது. ஓட்டுநர் இருக்கைக்கும் பின்கட்டுக்கும் நடுவே தகரத் தடுப்பு. ஆதலால் நான் ஒரு முறை வகுத்தேன். ஒவ்வொரு தொப்பியிலும் சிவப்பு நூலால் ஓர் எண் தைத்தேன். ஏறும்போதும் இறங்கும்போதும் பின்கதவருகே நின்று எண்களைக் கூவுவேன். ஒவ்வோர் எண்ணுக்கும் "உள்ளேன் அத்தை" என்று குரல் வர வேண்டும். ஐந்து குரலும் வந்த பின்னரே தம்பி கதவைத் தாழிடுவான்.

அந்த ஞாயிறும் அம்முறைப்படியே எண்ணினேன். ஐந்து குரலும் கேட்டேன். இதையே காவல் நிலையத்தில் எழுதிக் கையொப்பமிட்டுள்ளேன். எறும்பு நம்மைப் பிரிந்து நான்கு மாதங்களாகின்றன. தங்கள் துயரில் பங்குகொள்ளும் தகுதி எனக்கு உண்டா என்பதைத் தாங்களே கூற வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் நாத்தனார்

*

ஆகஸ்ட் 30

அண்ணிக்கு,

எப்போதிலிருந்து நான் உங்களுக்குத் 'தாங்கள்' ஆனேன்? பன்னிரண்டு வருடமாக, "ஏய், இங்க வாடி, இந்த மெத்தை உறையோட ஒரு முனையப் பிடி" என்றுதான் கூப்பிட்டீர்கள். அப்போது அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அதுவே தேவலாம் போலிருக்கிறது.

உங்கள் கடிதம் கதவைத் தாழ் போட்டதோடு நின்றுவிடுகிறது. மிச்சத்தை நான் எழுதுகிறேன். பன்னிரண்டரைக்கு ஏரியிலிருந்து கிளம்பினீர்கள். ஒன்றே முக்காலுக்கு வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது நாலு பேர் இறங்கினார்கள். பின்னால் இருந்த பிள்ளைகள், எறும்பு முன்னால் அத்தை மடியில் இருக்கிறாள் என்று நினைத்திருந்தார்கள். முன்னால் இருந்த நீங்கள், அவள் பின்னால் இருக்கிறாள் என்று நினைத்திருந்தீர்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். ஏரிக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போதே சாலையோரத்தில் அவள் கிடந்தாள். அறிவிப்புப் பலகையின் கம்ப நிழலில் முகத்தை மட்டும் வைத்திருந்தாள். கையளவு நிழல், அதற்குள் எது அடங்குமோ அதை வைத்திருந்தாள். வண்டி போன திசையைச் சரியாகப் பிடித்து நடந்திருக்கிறாள், ஐந்து வயதில். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

இதை எழுதிப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எழுதியாயிற்று. ஒன்றும் குறையவில்லை.

உங்கள் தம்பிக்கு ஒரு வருடத்துக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. நீங்கள் ஐந்து குரல் கேட்டதாக எழுதியதால், இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும் என்று காவல் நிலைய அதிகாரி முடிவு செய்தார். குழந்தை பதில் சொன்ன பிறகு இறங்கியிருக்க வேண்டும், தாழ் போட்டவர் கவனிக்கவில்லை. அல்லது வேறு பிள்ளை யாராவது அவளுக்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தம்பி முதலாவதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இப்போது சலவைக்கூடத்தில் பிழியும் இயந்திரத்துக்குத் துணி போடுகிறார். வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திரையை இழுத்துவிடுகிறேன். வெயில் அப்படியும் விளிம்பு வழியாக வந்து தரையில் கோடு போடுகிறது. தெருவில் மற்ற குடும்பங்கள் பையும் பந்துமாகக் கிளம்பும் சத்தம் கேட்கிறது. வக்கீல் போன வாரம் வாதாடினான்: "வெளிய போனா செத்துப்போவோம்னு உள்ளேயே வச்சிருக்கீங்க. உள்ள இருக்குறவங்க யாரும் சாகறதில்லையாம்மா?" அவனை அடித்துவிட்டேன். அதற்கும் அவன் அழவில்லை.

நான் இந்தக் கடிதத்தை எழுதுவது பெரியவளுக்காக. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். "உங்க பொண்ணு கிளாஸ்லதான் உக்காந்திருக்கா. வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் வாயத் திறக்க மாட்டேங்குறா. நான் பாத்து போட்டுக்கறேன், ஆனா மத்த பசங்க சிரிக்கறாங்க" என்றார் டீச்சர். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஏண்டி, 'உள்ளேன்'னு ஒரு வார்த்தைதானே? சொன்னா என்ன குறைஞ்சுடுவ?"

"அதச் சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

எழுந்து போய்விட்டாள். தட்டில் போட்டதைப் பாதி வக்கீலின் தட்டுக்குத் தள்ளிவிடுகிறாள். கழுத்தெலும்பு தெரிகிறது. உங்களிடம் ஒட்டிக்கொண்டு வளர்ந்தவள் அவள். அன்றைக்கு அந்தக் கதவருகே நடந்ததை ஒன்று விடாமல் எனக்கு எழுதுங்கள். எங்கேயோ ஏதோ அவளைக் குத்திக்கொண்டிருக்கிறது. என்னவென்று தெரிந்தால்தானே எடுக்க முடியும்?

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

செப்டம்பர் 14

மதிப்பிற்குரியீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். அதில் நான்கு இடங்களில் ஒற்று மிகவில்லை. பட்டம் பெற்றவர் எழுத்தில் இக்குறை இருத்தலாகாது என்ற நல்லெண்ணத்தில் அவ்விடங்களைக் குறித்து, அக்கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். தவறாகக் கொள்ள வேண்டாம்.

அன்று நடந்தவற்றை முன்னரே எழுதிக் கையொப்பமிட்டாயிற்று. ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுதும் வழக்கம் எனக்கில்லை. பெரியவளைப் பொறுத்தவரை, அது பருவத்தின் பிடிவாதம் என்றே தோன்றுகிறது. ஆசிரியர் கண்டிப்புடன் இருந்தால் ஒரே வாரத்தில் வழிக்கு வருவாள். அவளுக்கு ஏலக்காய் போட்ட பால் பிடிக்கும். சர்க்கரையைக் குறைத்து, ஆற்றாமல் கொடுக்கவும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திரையை இழுத்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். அது கூடாது. குழந்தைகளுக்கு வெளிச்சம் வேண்டும். அவர்களை அழைத்துச் சென்ற நாள்களை நான் தவறு என்று ஒருபோதும் கூற மாட்டேன். ஏரிக்கரையில் பாயை விரித்ததும் இரட்டையர் எந்த முனையில் யார் உட்காருவது என்று கட்டிப்புரள்வார்கள். "இந்த வழக்கை நான் எடுத்துக்கறேன், ஆளுக்கு ஒரு பிஸ்கட் கட்டணம்" என்று வக்கீல் நடுவே வந்து நிற்பான். தம்பி கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று, "அக்கா, எறும்பு மறுபடியும் கல்லு பொறுக்கப் போயிடுச்சு, வண்டி பாரம் தாங்காது" என்று கத்துவான். அவள் இரண்டு கையிலும் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு ஓடி வருவாள். நிற்கச் சொன்னால் நிற்க மாட்டாள். கூப்பிட்டால் வருவாள்.

எழுத வேண்டியதை விட்டு எங்கோ போய்விட்டேன்.

இக்கிளையின் நிலைமையைக் கேட்டிருந்தால் கூறுவேன். தாங்கள் கேட்கவில்லை, ஆயினும் கூறுகிறேன். நூறு விரிப்புகள் கொண்ட அடுக்கை விரிக்காமலே எண்ணுவது என் கைவசமுள்ள வித்தை. மடிப்பின் ஓரத்தில் தைத்த குறியை மட்டும் விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போவேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒன்று குறைந்ததில்லை, ஒன்று கூடியதுமில்லை. இங்கு வந்த பிறகு அவ்வாறு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு விரிப்பையும் முழுவதுமாக விரித்துப் பார்த்த பின்னரே அடுத்ததை எடுக்கிறேன். மடிக்கும் பெண்கள் முணுமுணுக்கிறார்கள். "அம்மா, உள்ள யாராச்சும் படுத்திருக்காங்களான்னு பாக்குறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மதியம் என்னால் வேலையைத் தொடர முடியவில்லை.

ஐந்து குரலும் கேட்டேன் என்பதை மீண்டும் உறுதி கூறுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாத்தனார்

*

செப்டம்பர் 22

அண்ணிக்கு,

பிள்ளையைப் பறிகொடுத்தவள் எழுதிய கடிதத்தில் ஒற்று மிகவில்லை என்று சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருக்கிறீர்கள். உறையைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது நல்ல சிரிப்பு இல்லை. அதை உங்கள் தம்பியிடம் காட்டினேன். "அக்காவோட அகராதி பாதியில கிழிஞ்சுபோனது, தெரியும்ல? 'ப'வோட முடிஞ்சிடும். அதனாலதான் மன்னிப்புங்கற வார்த்தை அவளுக்குத் தெரியாது" என்றார். முன்பெல்லாம் இதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். இந்த முறை சிரிக்கவில்லை.

பருவத்தின் பிடிவாதம் என்று எழுதினீர்கள். இனி நான் எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள்.

மே மாதம் அந்த அதிகாரி வீட்டுக்கு வந்து, உங்கள் வாக்குமூலத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பெரியவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. போன வியாழக்கிழமை தலை பின்னிவிடும்போது அவளாகவே பேச்சை எடுத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அஞ்சு குரல் கேட்டேன்னு அத்தை சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"அத்தை பொய் சொல்ல மாட்டாங்க. எண்ணுறதுல தப்பும் பண்ண மாட்டாங்க."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"அப்போ அஞ்சாவது குரல் யாரோடதும்மா? எறும்புதான் உள்ள இல்லையே. நான்தான் சொல்லியிருப்பேன். அவ தூங்கிட்டா அவளுக்கும் சேத்து நான்தான் சொல்லுவேன், அவள மாதிரியே குரல மாத்தி. அத்தைக்குக்கூட வித்தியாசம் தெரியாது."

"அன்னிக்குச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஆனா அத்தைக்கு ஞாபகம் இருக்கே."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டேன். அவளைத் திருப்பி, அப்படியெல்லாம் இல்லை என்றேன். "அத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்கம்மா" என்றாள், ஏதோ சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது மாதிரி. நாலு மாதமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இவள் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

அது வியாழக்கிழமை. அடுத்து ஞாயிறு. பக்கத்து இரட்டையர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பதினொரு மணிக்கு அங்கே போய்க் கேட்டால், வரவேயில்லை என்றார்கள். ஒரு மணிக்கு ஒரு பேருந்து நடத்துநர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏரிச் சாலையில், வெறுந்தலையோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். வண்டியை நிறுத்தி, "எங்கம்மா போற இந்த வெயில்ல?" என்று கேட்டிருக்கிறார். "எவ்வளவு நேரம் நடக்க முடியும்னு பாக்கறேன்" என்றாளாம். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். மருந்து போடும்போது முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

அண்ணி, நான் படித்தவள், நீங்கள் தானாகக் கற்றவர் என்பதெல்லாம் நமக்குள் எத்தனையோ சண்டைக்குக் காரணமாக இருந்தது. அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறேன். அன்றைக்கு உண்மையிலேயே ஐந்து குரல் கேட்டீர்களா? ஆமாம் என்றால், ஐந்தாவது குரல் அவளுடையதா இல்லையா என்று சொல்லுங்கள். அவளுடையதுதான் என்றாலும் சொல்லுங்கள், அதை எப்படித் தாங்குவது என்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு இன்னொரு பிள்ளையை அந்தச் சாலைக்குக் கொடுக்க முடியாது.

உங்கள் தம்பி மனைவி

*

செப்டம்பர் 29

மதிப்பிற்குரியீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. விடை எழுத மூன்று முறை அமர்ந்தேன். எழுத இயலவில்லை.

நாத்தனார்

*

அக்டோபர் 4

அண்ணிக்கு,

உங்கள் இரண்டு வரியை உங்கள் தம்பியிடம் காட்டினேன். "எழுத முடியலன்னு அக்கா எழுதி நான் பாத்ததே இல்ல" என்றார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கத்தாதே. அன்னிக்கு நான் பாய உதறிட்டு இருந்தேன். அக்கா எண்ணிக் கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேக்கல. காத்துல கேக்கலயோ என்னவோன்னு விட்டுட்டேன். அக்கா தலைய ஆட்டினா, நான் தாழ் போட்டேன். ஸ்டேஷன்ல அவ கூப்பிட்டேன்னு சொன்னா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"இத்தன மாசமா ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா அக்கா பொய்யின்னு ஆகுமே" என்றார்.

உங்களைப் பொய்யாக்கக் கூடாது என்று அப்பனும் மகளும் ஆளுக்கு ஒரு பழியை எடுத்துச் சுமந்துகொண்டிருக்கிறார்கள், அண்ணி. நான் கத்தவில்லை. கத்துவதற்குக்கூடத் தெம்பில்லை. பெரியவள் நேற்றிலிருந்து தண்ணீரும் பாலும்தான். எழுதுங்கள்.

*

அக்டோபர் 9

உனக்கு,

இதன் முதல் பக்கம் உனக்கு. அடுத்த இரண்டு பக்கம் பெரியவளுக்கு. அவளைத் தனியாகப் படிக்க விடாதே. உன் பக்கத்தில் உட்கார வைத்து நீயே வாசி. தம்பியும் இருக்கட்டும். வக்கீலையும் கூப்பிடு. அவன் குறுக்குக் கேள்வி கேட்டால் தடுக்காதே. கேட்க வேண்டியவன் அவன்.

நான் கேட்டது ஐந்து குரல் இல்லை. ஒரு குரலும் இல்லை. நான் கூப்பிடவே இல்லை.

காவல் நிலையத்தில் அந்த அதிகாரி, "எண்ணினீர்களா?" என்று கேட்டார். எண்ணினேன் என்றேன், அது உண்மை. "எப்படி எண்ணினீர்கள்?" என்றார். வழக்கமாக எப்படி எண்ணுவேனோ அதைச் சொல்லத் தொடங்கினேன். அழகாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், எந்தக் கல்லூரியில் படித்தவளோ என்பது போல. அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் வாக்கியத்தைத் திருப்பி எடுக்க முடியவில்லை. எழுதி நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் காகிதத்துக்கு நான்தான் காவல் இருந்தேன். அந்தக் காகிதம் போய் யார் மேல் விழும் என்று நான் நினைக்கவில்லை. தம்பி மேல் விழுந்தது தெரியும். தெரிந்தும் ஊரைவிட்டு வந்தேன். பெரியவள் மேல் விழுந்தது உன் கடிதத்தில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் மூன்று நாள் எழுதாமல் இருந்து, பிறகு இரண்டு வரி எழுதினேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அவளுக்கு.

பெரியவளே, அத்தை எழுதுகிறேன். அன்றைக்கு நீ எதுவும் சொல்லவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. யாரும் உங்களைக் கூப்பிடவில்லை.

காலையில் ஏரியில் நீங்கள் வண்டியிலிருந்து இறங்கும்போது நான் எண்களைக் கூவினேன், நினைவிருக்கிறதா? நீங்கள் ஐந்து பேரும் கத்தினீர்கள். பக்கத்துப் பாயில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த மனிதர், "என்னங்க, சுற்றுலாவா சிறைச்சாலையா?" என்று கேட்டார். அவர் மனைவி தடிமனான ஒரு புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நமக்குப் பழத்துண்டுகூடக் கொடுத்தார்கள். ஆனால் எனக்கு வெட்கமாகிவிட்டது. படித்தவர்கள் முன்னால் நான் ஏதோ ஆட்டுமந்தையைக் கத்தி ஓட்டுகிறவள் போலத் தெரிந்தேனே என்று இருந்தது. கிளம்பும்போதும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அதனால் நான் கூவவில்லை. கதவருகே வந்து, துணி அடுக்கை எண்ணுவது போல, சத்தமில்லாமல் கண்ணாலேயே எண்ணினேன். உள்ளே இருட்டு. ஐந்து தொப்பி தெரிந்தது. தலையை அசைத்தேன். உன் அப்பா தாழ் போட்டார்.

ஐந்தாவது தொப்பி ஒரு மூட்டையின் மேல் கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் சாமான் ஏற்றும்போது எறும்பு அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் கல் பொறுக்க இறங்கியிருக்க வேண்டும். அதன் அடியில் தலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். தொட்டுப் பார்க்கவில்லை. கைநீட்டினால் எட்டும் தூரம்.

நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தொப்பிகளை எண்ணும்போது உன்னைப் பார்த்தேன். அப்பாவும் நானும் சாமான்களை ஏற்றி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் நீங்கள் நாலு பேரும் தூங்கிவிட்டீர்கள். நீ கதவருகே வெளிச்சத்தில் மல்லாந்து படுத்திருந்தாய். உன் வலது கால் வக்கீலின் வயிற்றின் மேல் கிடந்தது. தொப்பிக்கு வெளியே உன் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. வாய் திறந்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு வாயை மூடித் தூங்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு ஆழ்ந்த தூக்கம். நான் கூவியிருந்தால் நீ விழித்திருப்பாய். விழித்ததும் பக்கத்தில் பார்த்திருப்பாய். அவள் இல்லை என்று முதலில் சொல்லியிருக்கக்கூடியவள் நீதான். அந்த வாய்ப்பை உனக்கு நான் கொடுக்கவில்லை.

அத்தை பொய் சொல்ல மாட்டாள் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். பொய் சொன்னேன். எண்ணுவதில் தப்பு செய்ய மாட்டாள் என்றாயாம். செய்தேன். உனக்கு நினைவில்லாதது என் காகிதத்தில் இருக்கிறது என்றால், உன் நினைவுதான் சரி. இனி யார் எதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காட்டினாலும், முதலில் உனக்கு நினைவிருக்கிறதா என்று உன்னையே கேட்டுக்கொள். நான் எழுதினாலும் அப்படியே செய்.

உனக்கு என் மேல் கோபம் வர வேண்டும். வந்தால் அடக்காதே. எனக்குக் கடிதம் எழுதித் திட்ட வேண்டுமென்றால் திட்டு. பிழை பார்க்க மாட்டேன். ஆனால் அந்தச் சாலைக்குப் போகாதே. அங்கே நடந்து பார்க்க வேண்டியவள் நீ இல்லை.

அவளுக்கு எழுதியது இத்துடன் முடிந்தது. மீண்டும் உனக்கு.

இதில் உள்ளதையே காவல் நிலையத்துக்கும் எழுதி, இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தம்பியின் உரிமத்தைத் திருப்பித் தருவார்களா, என்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலாளிக்கும் ஒரு பிரதி போகிறது. குறியிடும் பிரிவுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டால் வந்து நிற்பேன். என்னை உன் வீட்டுக்கு வரச் சொல் என்று கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

கடிதம் உன் கைக்கு வியாழக்கிழமை கிடைக்கும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இடையில். அதற்குள் வாசித்துவிடு. தள்ளிப் போடாதே. நான் தள்ளிப் போட்டது போதும்.

அவள் நம்பினாளா, சாப்பிட்டாளா என்று மட்டும் ஒரு வரி எழுது. சீக்கிரம் எழுது.

அண்ணி